பராகுவே: விழும் ஆறும் விழாத ஆறும்

பராகுவேயின் கிழக்கு எல்லையில் பரானா ஆறு ஓடுகிறது. குவாய்ரா ஊரிலிருந்து இகுவாசு ஆறு வந்து சேரும் இடம் வரை சுமார் 190 கி.மீ. தொலைவுக்குள் அது ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கிவிடுகிறது. நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவே ஓடும் பராகுவே ஆறு இதற்கு நேர்மாறு. தலைநகர் அசுன்சியோனில் அதன் மட்டம் கடல்மட்டத்தைவிட 60 மீட்டர்கூட உயரமில்லை. அங்கிருந்து கடலுக்கு ஆற்றுவழியே ஏறத்தாழ 1,600 கி.மீ. அதாவது கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் சரிவுகூட இல்லை.

கடற்கரையே இல்லாத இந்த நாட்டின் பிழைப்பு இந்த இரண்டு சரிவுகளில் இருக்கிறது. விழும் ஆறு மின்சாரம் தருகிறது, விழாத ஆறு சரக்கைச் சுமக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் எல்லைச் சண்டைகளும் அண்டை நாடுகளோடு நடக்கும் பேரமும் கடைசியில் நீர்மட்டத்தில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் விழும் ஆறு. பரானாவின் அந்தப் பகுதி பசால்ட் எனும் எரிமலைப் பாறையை அறுத்துக்கொண்டு போகும் குறுகிய, ஆழமான பள்ளத்தாக்கு. அணை கட்ட இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. 1973 ஏப்ரல் 26 அன்று பிரேசிலும் பராகுவேயும் இதாய்ப்பு அணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆற்றைத் திருப்ப 2 கி.மீ. நீளம், 150 மீட்டர் அகலம், 90 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1978 அக்டோபரில் ஆறு அதற்குள் திரும்பியது. 1982 அக்டோபரில் மதகுகளை மூடினார்கள், 14 நாளில் அணை நிரம்பிவிட்டது. குவாய்ரா அருவிகள் அந்த நீருக்கடியில் போய்விட்டன. உலகின் மாபெரும் அருவித் தொகுதிகளில் ஒன்று அது. இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இழப்பையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும்.

அணையில் 20 டர்பைன்கள். எல்லாம் ஃபிரான்சிஸ் வகை, ஒவ்வொன்றும் 700 மெகாவாட். 10.5 மீட்டர் விட்டமுள்ள குழாய் வழியே வினாடிக்கு சுமார் 690 கனமீட்டர், அதாவது 24,000 கனஅடிக்கு மேல், தண்ணீர் ஒரே ஒரு டர்பைனுக்குள் பாய்கிறது. நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 118 மீட்டர். 690 டன் நீரை 9.81 ஆலும் 118 ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 8 லட்சம் கிலோவாட் வரும். குழாய், டர்பைன், ஜெனரேட்டர் ஆகியவற்றின் இழப்பைக் கழித்தால் 700 மெகாவாட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். மொத்தத் திறன் 14,000 மெகாவாட். 2016இல் 103 பில்லியன் யூனிட் உற்பத்தி செய்து சாதனை படைத்தது.

இந்த 20 இயந்திரங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. பிரேசிலின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 அலை; பராகுவேயுடையது 50. பராகுவே தன் அலைவெண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அன்று பேசப்பட்டது. நாடு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பத்து இயந்திரங்கள் 50க்கும் பத்து 60க்கும் செய்யப்பட்டன. 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தின் சுழலும் பகுதியில் 78 காந்த முனைகள். அது நிமிடத்துக்கு 92.3 முறை சுற்றினால் 60 ஹெர்ட்ஸ் வரும். 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் 66 முனைகள், நிமிடத்துக்கு 90.9 சுற்று. முனைகளின் எண்ணிக்கையை மாற்றியதால் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்கின்றன. அதனால் ஒரே நீர்மட்டத்துக்கு ஏற்ற ஒரே அளவு டர்பைனை இரண்டுக்கும் பயன்படுத்த முடிந்தது.

ஒப்பந்தப்படி மின்சாரம் பாதிக்குப் பாதி. ஆனால் 61 லட்சம் பேர் வாழும் பராகுவேயால் தன் பாதியை முழுதாகச் செலவழிக்க முடியவில்லை. மிச்சத்தை மூன்றாம் நாட்டுக்கு விற்கவும் கூடாது, பிரேசிலுக்கே தர வேண்டும். அந்த மிச்சமோ 50 ஹெர்ட்ஸ். அதை நேராக 60 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் இணைக்க வழியே இல்லை. இதற்காகத்தான் பிரேசிலின் ஃபோஸ் தோ இகுவாசுவில் மாற்றுநிலையம் எழுந்தது. அங்கே தைரிஸ்டர் வால்வுகள், அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் மின்னணுச் சாவிகள், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குகின்றன. ஒரு கம்பியில் +6 லட்சம், மறு கம்பியில் −6 லட்சம் வோல்ட்டில், இரண்டு தொகுதிகளாக, 6,300 மெகாவாட் சுமார் 800 கி.மீ. பயணம் செய்து சாவ் பாவ்லோவுக்கு அருகிலுள்ள இபியூனாவில் மறுபடி 60 ஹெர்ட்ஸாக மாறுகிறது. 1980களில் இயங்கத் தொடங்கிய இந்த வழித்தடத்தின் மின்னழுத்தத்தைச் சீனா 8 லட்சம் வோல்ட் வழித்தடம் அமைக்கும்வரை யாரும் மிஞ்சவில்லை. நேர்திசை மின்சாரத்துக்கு அலைவெண் கிடையாது. இரு முனையிலும் வேறு வேறு அலைவெண் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆனால் வாங்கும் முனையின் மின்னழுத்தம் நிலையாக இருந்தாக வேண்டும். இபியூனாவின் தைரிஸ்டர்கள் தம்மை அணைத்துக்கொள்ள எதிர்ப்பக்க வலைப்பின்னலின் மின்னழுத்தத்தையே நம்பியிருக்கின்றன. அது சரிந்தால் ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குக் கைமாற வேண்டிய மின்னோட்டம் மாறாமல் சிக்கிக்கொள்ளும், வழித்தடம் நின்றுபோகும். 2009 நவம்பர் 10 இரவு நடந்தது இதுதான். பிரேசிலுக்குள் இதாபெரா அருகே 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கொண்டுபோகும் 765 கிலோவோல்ட் வழித்தடங்கள் மூன்றும் துண்டிக்கப்பட்டன. 60 ஹெர்ட்ஸ் இயந்திரங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. சாவ் பாவ்லோ பக்கம் மின்னழுத்தம் சரிய, நேர்திசை வழித்தடமும் நின்றது. தம் உற்பத்தியில் பெரும்பகுதியை அதன் வழியே அனுப்பிக்கொண்டிருந்த 50 ஹெர்ட்ஸ் இயந்திரங்கள் ஒரே நொடியில் சுமையிழந்தன. பிரேசிலின் 18 மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. கோளாறு தன் மண்ணில் நிகழாவிட்டாலும் பராகுவேயும் சிறிது நேரம் இருளில் மூழ்கியது.

இவ்வளவு மின்சாரம் எல்லையில் இருந்தும் அசுன்சியோனில் கோடைதோறும் மின்வெட்டு ஏன்? காரணம் கம்பி. 2013 வரை அணையிலிருந்து தலைநகருக்கு வந்தவை 220 கிலோவோல்ட் வழித்தடங்கள் மட்டுமே. அந்த ஆண்டுதான் தலைநகருக்கு அருகிலுள்ள வில்லா ஹாயெஸ் வரை 348 கி.மீ. நீளத்தில் முதல் 500 கிலோவோல்ட் வழித்தடம் வந்தது. அதே திறனை 220க்குப் பதில் 500இல் அனுப்பினால் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கும். கம்பி சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அந்த வழித்தடம் வந்த பிறகும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கள் பழைய அளவிலேயே நின்றன. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் ஓடும்போது முதலில் சாய்வது அவைதான். அணைக்குச் செலவழித்த முனைப்பை விநியோகத்தில் காட்டாததே இந்த நாட்டின் மின்துறையில் ஆகப்பெரிய பிழை என்று சொல்லலாம்.

விலை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதாய்ப்பு மின்சாரம் சந்தை விலையில் போவதில்லை. ஆண்டுச் செலவை மொத்தமாக எடுத்து, ஒப்பந்தம் செய்த கிலோவாட்டுக்கு மாதம் இத்தனை டாலர் என்று பிரிக்கிறார்கள். பல ஆண்டுகள் அது 22.60 டாலராக இருந்தது. செலவில் பெரும்பகுதி கட்டுமானக் கடனுக்கான தவணை. கடைசித் தவணை 2023 பிப்ரவரியில் தீர்ந்தது. அதன்பின் விலை எவ்வளவு என்று இரு நாடுகளும் நீண்ட நாள் இழுபறி நடத்தி, 2024 முதல் 2026 வரை 19.28 டாலர் என்று முடிவாயிற்று. விலை குறைந்தால் வாங்கும் பிரேசிலுக்கு லாபம். கூடினால், மிச்சமாகும் பணத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிடலாம் என்பது பராகுவேயின் கணக்கு.

இதாய்ப்புவின் அளவைப் பார்த்து அது பெரிய சேமிப்புக் கிணறு என்று நினைத்துவிடக் கூடாது. கொள்ளளவு 29 பில்லியன் கனமீட்டர். பரானாவின் சராசரி வரத்து வினாடிக்கு 11,000 முதல் 12,000 கனமீட்டர். வந்த நீரை அப்படியே நிறுத்தினாலும் ஒரு மாதத்துக்குத்தான் இடம் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் நீரைத் தேக்கி வைப்பதெல்லாம் மேலே பிரேசிலில் இருக்கும் அணைகளின் வேலை. அங்கே மழை பொய்த்தால் இங்கே வழியில்லை. 2021இல் உற்பத்தி 66 பில்லியன் யூனிட் அளவுக்குச் சரிந்தது.

இனி விழாத ஆறு. பிரேசிலின் காசெரெஸிலிருந்து உருகுவேயின் நுவேவா பால்மிரா வரை 3,442 கி.மீ. நீளும் நீர்வழி இது. ஐந்து நாடுகள் 1992இல் கையெழுத்திட்ட உடன்பாட்டின்கீழ் இயங்குகிறது. பராகுவேயின் வெளிநாட்டு வர்த்தகத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவு இதன் வழியே போகிறது. சோயாவும் சோயாப் பிண்ணாக்கும் கீழே இறங்குகின்றன. டீசலும் உரமும் மேலே ஏறுகின்றன. நாட்டுக்கு வேண்டிய பெட்ரோலியப் பொருள்கள் முழுதும் இறக்குமதிதான். பார்ஜ் எனும் சரக்குப் படகுகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்த இடம் பராகுவேயுக்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே வழக்கத்திலுள்ள பார்ஜ் 60 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம் கொண்ட தட்டையான இரும்புப் பெட்டி. மூன்று மீட்டர் அமிழும்படி ஏற்றினால் 1,500 டன் பிடிக்கும். நான்குக்கு நான்காக 16 பார்ஜ்களைக் கம்பிவடத்தால் இறுகக் கட்டி, பின்னாலிருந்து ஒரு தள்ளுபடகு தள்ளும். மொத்தம் 24,000 டன். லாரியில் கொண்டுபோனால் 800 வண்டி வேண்டும். நீரில் உராய்வு குறைவு, சரிவு குறைவு, ஓட்டமும் மந்தம். அதனால் ஒரே தள்ளுபடகின் எஞ்சின் இத்தனைக்கும் போதுகிறது.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. 60 × 11 மீட்டர் அடிப்பரப்புள்ள பெட்டி 10 சென்டிமீட்டர் மேலே எழும்ப வேண்டுமானால் 66 டன்னை இறக்கியாக வேண்டும். 16 பார்ஜுக்கு 1,056 டன். ஆற்றில் நீர் ஒரு மீட்டர் குறைந்தால் ஒரு பயணத்தில் 10,000 டன்னுக்கு மேல் கரையிலேயே நின்றுவிடும். டீசலும் ஆட்கூலியும் குறைவதில்லை. மணல் படுகையில் ஒவ்வொரு வெள்ளமும் மணல்திட்டுகளை இடம் மாற்றிப் போடுவதால் தூர்வாரும் வேலைக்கு முடிவே கிடையாது. அசுன்சியோனுக்கு மேலே ரெமான்சோ போன்ற இடங்களில் அடியில் இருப்பது பாறை. அங்கே தரைதட்டினால் மணலில் சிக்கியதுபோல் உருவி எடுக்க முடியாது, அடித்தகடு கிழியும்.

இந்த ஆற்றின் இயல்பைத் தீர்மானிப்பது பன்தனால். மேல்பகுதியில் பரந்து கிடக்கும் அந்தச் சதுப்புநிலம் மழைநீரை வாங்கி, மாதக்கணக்கில் வைத்திருந்து மெல்ல விடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்த மழையின் உச்சம் அசுன்சியோனை அடைய ஜூன் வாக்கில் ஆகிவிடும். பன்தனால் வறண்டால் மாதங்கள் கழித்து ஆறு வறளும். அசுன்சியோனின் நீர்மட்ட அளவுகோல் 2021 அக்டோபரில் பூஜ்யத்துக்குக் கீழே 75 சென்டிமீட்டர் காட்டியது. 2024 செப்டம்பரில் அதைவிடவும் கீழே போனது. பூஜ்யம் என்பது கரையில் குறித்துவைத்த ஓர் அடையாளம்தான். அதற்குக் கீழே போனால் ஆறு வற்றிவிட்டது என்று பொருளில்லை. ஆனால் அந்த நிலையில் பார்ஜ்கள் பாதிச் சுமையோடும் குறைந்த எண்ணிக்கையிலும்தான் போக முடியும்.

நீர்மட்டம் போரையும் தீர்மானித்திருக்கிறது. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூவர் கூட்டணிக்கு எதிரான போரில் ஹுமைட்டா கோட்டையின் கீழே ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி எதிரிக் கப்பல்களைத் தடுத்தது பராகுவே. சங்கிலியைத் தாங்கிய மிதவைகள் குண்டடிபட்டு மூழ்கின, சங்கிலி சேற்றில் இறங்கியது. ஆறும் பெருகிய நேரத்தில், 1868 பிப்ரவரி 19 அன்று பிரேசிலின் இரும்புக்கவசக் கப்பல்கள் அதன்மேலேயே கடந்துவிட்டன. 1932இல் பொலிவியாவுடன் சாக்கோ போர் மூண்டபோது இதே ஆறு பராகுவேயுக்குக் கைகொடுத்தது. ஜெனோவாவில் கட்டிய ‘பராகுவே’, ‘ஹுமைட்டா’ என்ற இரு பீரங்கிப் படகுகள் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நீரில் அமிழ்ந்தன. அவை படையினரை புவெர்த்தோ காசாதோவில் இறக்கின. அங்கிருந்து 145 கி.மீ. குறுகிய ரயில் பாதை முள்காட்டுக்குள் கொண்டுபோனது. பொலிவியப் படையோ மலைநாட்டிலிருந்து லாரியிலும் நடையிலும் வர வேண்டியிருந்தது. ஆற்றுக்கு மேற்கே கிடக்கும் சாக்கோ பகுதி பராகுவேயின் பரப்பில் 60 சதவீதம். மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட அங்கில்லை, நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. தண்ணீரையும் உணவையும் அங்கே கொண்டுபோகத் தெரிந்தவர் கை ஓங்கியது. கடலில்லா நாட்டுக்குக் கடற்படை எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை. இன்றும் ஆற்றுக் காவலும் கடத்தல் தடுப்பும் கடற்படையின் பொறுப்பு.

அண்மைக்கால இழுபறியோ சுங்கத்தில் நடந்தது. 2023 தொடக்கத்தில் அர்ஜென்டினா தன் எல்லைக்குள் போகும் பார்ஜ்களுக்கு டன் ஒன்றுக்கு 1.47 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. பராகுவே மறுத்தது. அதன் கையிலிருந்த பதிலடி மின்சாரம். பரானாவில் கீழே, இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் யாசிரெத்தா அணையில் 20 காப்லான் டர்பைன்கள் உண்டு. அதன் உற்பத்தியில் தன் பாதியை இனி முழுதாகத் தானே எடுத்துக்கொள்வதாக அந்த ஆண்டு செப்டம்பரில் பராகுவே அறிவித்தது.

யாசிரெத்தாவில் 270 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலமுள்ள நீர்ப்பூட்டு இருக்கிறது. பரானாவின் மேல்துறைகளிலிருந்து வரும் பார்ஜ்கள் அதற்குள் நுழைந்து, நீர் இறங்க இறங்கத் தாமும் இறங்கிக் கீழே போகும். 2021 வறட்சியில் நீர் குறைந்து, சோயா ஏற்றிய பார்ஜ்கள் யாசிரெத்தாவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டன. அப்போது இதாய்ப்பு தன் டர்பைன்கள் வழியே வழக்கத்தைவிட அதிக நீரைச் சில நாள் அனுப்பியது. ‘நீர்ச் சன்னல்’ என்று அங்கே பெயர். ஆறு உயர்ந்தது, பார்ஜ்கள் பூட்டைக் கடந்தன. அந்த நாட்களில் மின்சாரமும் கூடுதலாகக் கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் வறட்சியில் ஏரி இறங்கினால் திரும்ப நிரப்ப நீர் வராது. ஏரி மட்டம் ஒரு மீட்டர் குறைந்தால், வினாடிக்கு 690 கனமீட்டர் குடிக்கும் ஒவ்வொரு டர்பைனும் 6 மெகாவாட்டுக்கு மேல் இழக்கும். இருபதும் ஓடினால் ஏறத்தாழ 125 மெகாவாட். மழை வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்த இழப்பு தொடரும்.