களத்தில் செய்தது பயோடேட்டாவில் காணோமே!

தொண்டு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால், வாரத்துக்கு ஒரு கட்டு பயோடேட்டாவாவது என் மேஜைக்கு வந்துவிடும். முக்கால்வாசி ‘சமூக சேவையில் மிகுந்த ஆர்வம் உள்ளவன்’ என்றுதான் தொடங்கும். ஆர்வம் இல்லாதவர் இந்தச் சம்பளத்துக்கு ஏன் விண்ணப்பிக்கப் போகிறார்? அந்த வரியைத் தாண்டித்தான் நான் படிக்கவே ஆரம்பிப்பேன்.

கொஞ்ச நாள் முன்பு டெல்டா பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பியிருந்தார். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை படித்தவர். அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘களப்பணியாளர், 2016–2022’. அதற்குக் கீழே அப்பா பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது. ஒதுக்கி வைக்கத்தான் போனேன். டெல்டாவில் 2018-ஐத் தாண்டி வந்தவர் என்றால் கஜா புயலைப் பார்த்திருப்பாரே என்று தோன்றியது. போன் போட்டேன்.

“கஜா அப்ப எங்க இருந்தீங்க?”

“வேதாரண்யம் பக்கந்தான் மேடம். புயலடிச்ச மறுநாளே இறங்கிட்டோம். 11 ஊர்ல வீடு வீடா சேதக் கணக்கு எடுத்தேன். அப்புறம் தார்ப்பாய், தென்னங்கன்னு குடுத்ததெல்லாம் அந்த லிஸ்ட்ட வெச்சுத்தான்.”

“இதை ஏன் எழுதலை?”

“அது வேலைதானே மேடம். அதைப் போய் எழுதுறதா?”

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தானம் செய்பவருக்கு அது சரி. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்ன பார்த்தார் என்று எழுதாவிட்டால், தேர்வு செய்கிறவருக்கு எப்படித் தெரியும்?

‘மகளிர் குழுக்களுடன் பணிபுரிந்தேன்’ என்பதில் எனக்கு எதுவும் கிடைக்காது. ‘14 குழுக்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதப் பழக்கினேன், 9 குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது’ என்று எழுதிப் பாருங்கள். மீதி 5 குழுக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பேன். பயப்பட வேண்டாம். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையில் களத்தில் நின்றவர். எந்த ஒன்றியம், யாருடைய நிதி, எத்தனை மாதத் திட்டம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பணம் வரும் வழியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020 சட்டத்திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது. அலுவலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் வைத்துக்கொள்ளும் காலம் அதோடு பலருக்கும் போயிற்று. இன்னொரு பக்கம், 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் நிறுவனங்கள், கொடுத்த காசுக்கு எண்ணிக்கையோடு அறிக்கை கேட்கின்றன. ஆகவே கிராமக் கூட்டமும் நடத்தி, வவுச்சரும் ஒழுங்காகப் போட்டு, எக்ஸெல்லில் மாத அறிக்கையும் தயாரிக்கிற ஒருவரைத்தான் எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் தேடுகின்றன. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். போனிலேயே சர்வே எடுக்க உதவும் கோபோ செயலியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும். சாதி, மதம், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இடம் தானாகக் கிடைக்கும்.

இன்னொரு விஷயம், இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். எழுத்தெல்லாம் பிரமாதம். கடைசிப் பக்கத்தில், அவர் தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணத்தின் படம். மாலையோடு உட்கார்ந்திருக்கும் சிறுமி, கீழே அவள் பெயர், ஊர், படிக்கும் வகுப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பயோடேட்டா பத்திரிகையா என்ன?’ என்று வாதாடலாம். ஆனால் அது மெயிலில் எத்தனை பேருக்குப் போகும், எத்தனை வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று அனுப்பியவருக்கே தெரியாது. அந்தச் சிறுமி தன் படம் அங்கே இருப்பதை அறியவே மாட்டாள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள், வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் படங்களைக்கூட இப்படி ஒட்டி அனுப்புகிறார்கள்.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு கணம் பேச்சே இல்லை. “நல்லது செஞ்சதுக்கு ஆதாரம்னுதான் மேடம் வெச்சேன்” என்றார். ராத்திரியே திருத்தி அனுப்பினார். படம் இருந்த இடத்தில் ஒரே வரி: ‘1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் கொடுத்து ஒரு குழந்தைத் திருமணத்தை நிறுத்தினேன், மூன்று மாதம் வீட்டுக்குப் போய்ப் பேசி, பிள்ளையை மறுபடி பள்ளியில் சேர்த்தேன்.’

அந்த மூன்று மாதம் முதல் பயோடேட்டாவில் இல்லவே இல்லை.