வளரறி மதிப்பீடு: 'உருவாக்க மதிப்பீடு' ஏன் பிழை?

பாடம் நடக்கும்போதே மாணவர் கற்றலை அறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ளச் செய்யும் 'ஃபார்மேட்டிவ் அசெஸ்மெண்ட்' என்பதற்கு 'உருவாக்க மதிப்பீடு' என்றும், பாடமோ பருவமோ முடிந்தபின் கற்றதைத் தொகுத்துப் பார்க்கும் 'சம்மேட்டிவ் அசெஸ்மெண்ட்' என்பதற்கு 'சுருக்க மதிப்பீடு' என்றும் எழுதும் வழக்கம் பெருகிவருகிறது. இரண்டுமே பிழை. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று ஆசிரியர்கள் ஏற்கெனவே புழங்கும் சொற்கள் இருக்கும்போது, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டவைப்பது மொழிபெயர்ப்பாகாது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதற்சொல்லின் வேர், வடிவம் என்னும் பொருளுடைய 'ஃபோர்மா' என்ற லத்தீன் சொல். மற்றதன் வேர், கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல். மதிப்பீட்டுத் துறையில் இவ்விரண்டையும் இணையாக நிறுத்தியவர் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன், ஆண்டு 1967. அவர் பேசியது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி. ஒரு திட்டம் இன்னும் உருப்பெற்றுக்கொண்டிருக்கையில், திருத்த இடமிருக்கும்போதே செய்வது ஒன்று. முடிந்த பிறகு அதன் தகுதியைத் தீர்மானிப்பது மற்றொன்று. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம்தான் பின்னர் இந்தப் பாகுபாட்டை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். ஆகவே 'உருப்பெறுவது' என்று முதலில் சொல்லப்பட்டது பாடத்திட்டம். மாணவரைக் களிமண்ணாக எண்ணி உருவாக்கும் கருத்து இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இல்லை.

தமிழ் இலக்கணமும் 'உருவாக்க மதிப்பீடு' என்பதற்கு இடம் தரவில்லை. சேத மதிப்பீடு, சொத்து மதிப்பீடு, செலவு மதிப்பீடு ஆகியவற்றைப் பாருங்கள். மதிப்பீடு என்பதற்கு முன்னால் ஒரு பெயர் நின்றால், மதிப்பிடப்படும் பொருள் அது என்றே தமிழ்க் காது கொள்ளும். சேத மதிப்பீடு என்றால் சேதத்தை மதிப்பிடுவது. அப்படியானால் உருவாக்க மதிப்பீடு என்றால் ஏதோ ஒன்றின் உருவாக்கத்தை மதிப்பிடுவது. மாணவர் செய்த பொம்மையையோ வரைந்த படத்தையோ மதிப்பிடுவது என்று ஒரு புதிய ஆசிரியர் புரிந்துகொண்டால் குறை அவருடையதன்று. 'சுருக்க மதிப்பீடு' இதைவிட மோசம். பருவம் முழுவதும் படித்ததை மூன்று மணி நேரம் எழுதவைக்கும் தேர்வில் சுருக்கம் எங்கே இருக்கிறது? கூட்டுத்தொகை வேறு, சுருக்கம் வேறு. ஆங்கிலத்தில் 'சம்மேட்டிவ்' என்பதும் சுருக்கத்தைக் குறிக்கும் 'சம்மரி' என்பதும் ஒலியில் ஒத்திருப்பதால் வந்த தடுமாற்றம் இது.

வளரறி என்பது இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. 'அறி மதிப்பீடு' வினைத்தொகை: அறிந்த, அறிகிற, அறியும் என முக்காலமும் அதில் அடங்கும். 'வளர்' என்பது வளர்தல் என்னும் பொருளில் முதனிலையாகவே நிற்கிறது. வளர்தலை அறியும் மதிப்பீடு. சொல் இறுக்கமாக இருக்கிறது, பொதுமக்களுக்கு விளங்காது என்று சிலர் குறை சொல்வர். மாணவரின் கற்றல் குறைகளைக் கண்டறியும் சோதனைக்குக் குறையறி சோதனை என்ற சொல் ஆசிரியர் பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும்; அதே அச்சில் வார்த்ததுதான் இதுவும். தொகுத்தறி என்ற இணையும் ஓசையில் பொருந்துகிறது. இதற்குமேல் ஒரு கலைச்சொல்லிடம் என்ன கேட்பது?

நல்ல சொல் கிடைத்தும் அதைக் கெடுப்பவர்கள் உண்டு. 'வளரறித் தேர்வு', 'வளரறி மதிப்பெண்' என்று சொல்வது அந்தக் கேடு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் முன்னதில் ஒற்றும் தவறு. பொருள் தவறு அதைவிடப் பெரிது. இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைத்து, பதிவேட்டில் எழுதி, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால் அது சிறிய தொகுத்தறி மதிப்பீடு. தாளின் அளவோ, எத்தனை முறை நடத்தினோம் என்பதோ வகையைத் தீர்மானிப்பதில்லை. விடையைப் பார்த்தபின் கற்பித்தல் மாறியதா என்பதே தீர்மானிக்கும்.

கழித்தல் பாடத்தின் நடுவே 52 − 38 என்று எழுதி, எல்லோரும் விடையைச் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லலாம். சரியான விடை 14. 26 என்று எழுதியவர், ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார், இடமதிப்பிலேயே கோளாறு. 24 என்று எழுதியவர், பத்தைக் கடன் வாங்கிவிட்டுப் பத்தாமிடத்தில் குறைக்க மறந்திருக்கிறார். 90 என்று எழுதியவர் குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டார். முதலாமவருக்குக் குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாமவருக்கு ஒரு நினைவூட்டல் போதும். மூன்றாமவரிடம் குறியைச் சுட்டினால் தீர்ந்தது. 'மூவரும் பூஜ்யம்' என்று பதிவேடு சொல்லும். அதிலிருந்து மறுநாள் என்ன செய்வது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

'புரிந்ததா?' என்று கேட்டு வகுப்பு தலையாட்டுவதும் மதிப்பீடு அன்று. கை தூக்குபவரை மட்டும் கேட்டால் தெரிந்தவர்களைப் பற்றி மட்டுமே தெரியவரும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீள்வதோடு பேசாத மாணவரும் பேசுகிறார் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர், மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் கருத்துரை காணாமல் போகிறது. 'வளரறி மதிப்பெண்' என்ற தொடரே தன்னைத்தான் முறிக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் 'அசெஸ்மெண்ட் ஃபார் லேர்னிங், ஆஃப் லேர்னிங், ஆஸ் லேர்னிங்' என்பவற்றுக்கு 'கற்றலுக்கான மதிப்பீடு, கற்றலின் மதிப்பீடு, கற்றலாக மதிப்பீடு' என்றொரு மும்மையையும் தந்திருக்கிறார்கள். ஆங்கில முன்னிடைச் சொற்கள் மூன்றுக்கும் ஒவ்வோர் உருபை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணம். முதலாவது நிற்கும். 'கற்றலின் மதிப்பீடு' என்பதில் கற்றல் மதிப்பிடுகிறதா, மதிப்பிடப்படுகிறதா என்பது தெரியவில்லை. 'கற்றதை மதிப்பிடல்' என்றால் ஐயமில்லை. மூன்றாவதைத் தமிழ் என்றே சொல்ல முடியாது. மாணவர் தம் விடையைத் தாமே சரிபார்த்து, பிழையைக் கண்டு, திருத்தி, அதிலேயே கற்கிறார் என்பது கருத்து. 'மதிப்பிட்டுக் கற்றல்' என்று இரண்டே சொல்லில் அதைச் சொல்லிவிடலாம்.