சோழி விளைந்த சுல்தானகம்

நெல் விளையாது, இரும்போ வெள்ளியோ கிடையாது. சுமார் 1,200 தீவுகள் இருந்தும் மொத்த நிலம் 300 சதுர கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட மாலத்தீவில், மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய 1153 முதல் 1968 வரை, சிற்சில இடைவெளிகளோடு ஒரு சுல்தானகம் நீடித்தது. அதன் செல்வத்தில் பெரும்பங்கு, நாம் பல்லாங்குழி ஆடும் சோழியிலிருந்து வந்தது. அந்நாளில் பல நாடுகளில் சோழி காசாகவே புழங்கியது.

கடலடி எரிமலைகள் மெல்ல மெல்லத் தாழத் தாழ, அவற்றின் மேல் பவளம் வளர்ந்துகொண்டே வந்ததில் உருவானவை இந்தத் தீவுகள். வளையமாக நிற்கும் பவளத்திட்டுகளுக்கு நடுவே அலையடங்கிய, ஆழம் குறைந்த கடல். பவளக் கற்களின் இடுக்கில் பாசி மேய்ந்து வாழும் சோழிப்பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

சோழியை யாரும் மெருகேற்றுவதில்லை. உயிரோடு இருக்கும்போது அந்தப் பூச்சியின் சதை மடல்கள் ஓட்டின் இருபுறமும் மேலேறி அதைப் போர்த்தியிருக்கும். அந்த மடல்கள்தான் சுண்ணாம்பைப் படலம் படலமாகப் பூசிப் பளபளப்பை உண்டாக்குகின்றன. எளிதில் தேயாது, உடையாது, போலி செய்வதும் கடினம். எண்ணியும் கொடுக்கலாம், எடை போட்டும் கொடுக்கலாம். காசுக்கு வேண்டிய குணங்கள் ஒரு நத்தை வகை உயிரிடம் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1602இல் கப்பல் உடைந்து அங்கே கரையேறிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பைரார், பெண்கள் கடலில் இறங்கிச் சோழி பொறுக்கியதைப் பதிவு செய்திருக்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அந்த வேலை. அப்போது சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகமாக வற்றும், கல்லிடுக்குகள் கைக்கு எட்டும். அள்ளியதைக் குழியில் போட்டுச் சதை அழுகும்வரை விட்டுவிடுவார்கள். மிஞ்சுவது வெள்ளை ஓடு. 1343இல் வந்து, சுல்தானா கதீஜாவின் ஆட்சியில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாகப் பணியாற்றிய மொராக்கோ பயணி இப்னு பதூதாவும் இந்தக் குழிகளைப் பற்றிச் சொல்கிறார். நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு என்று விலையையும் குறித்திருக்கிறார்.

சோழி போன இடம் வங்காளம், வந்த பண்டம் அரிசி. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்தால் வங்காளம், வடகிழக்குக் காற்று திரும்பினால் வீடு. பின்னாளில் ஐரோப்பியக் கப்பல்கள் அடிப்பாரமாகச் சோழியை ஏற்றிப்போய், மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கின. அந்தக் கொடுமையைச் சொல்லாமல் சோழியின் கதையைச் சொல்லக் கூடாது.

19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் ஆங்கிலேயர் வரியை வெள்ளி நாணயமாகவே கேட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் பக்கத்துச் சோழி மலிவாக வந்து குவிந்தது. சோழியின் மதிப்பு சரிந்தது. சுல்தானகத்துக்கு மிஞ்சிய பெரிய ஏற்றுமதி, கொழும்புக்குப் போன மாசிக் கருவாடு. 1887இல் மாலத்தீவு பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் போனது, 1965இல் விடுதலை பெற்றது, 1968 நவம்பர் 11 அன்று குடியரசானது.