வகைக்குறிப்பு அல்ல, வகைக்குறி

பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களில் தமிழ்ப் பொறியாளர்கள் கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும்போது) சொல்வது ‘டைப் போடுங்க’ என்பதுதான்; தரவின் வகையை எழுதச் சொல்கிறார்கள், ஆங்கிலத்தில் டைப் அனோட்டேஷன். அதில் யாருக்கும் குழப்பமில்லை. அதையே தமிழாக்கித் தரும் பயிற்சிக் கையேடுகளில்தான் வினை: ‘தட்டச்சு சிறுகுறிப்பு’. வகை பொருந்தாதபோது வரும் டைப்எரர் ‘தட்டச்சுப் பிழை’. படிப்பவர் எழுத்துப்பிழையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இயந்திரம் பெயர்த்ததை ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை.

அனோட்டேஷனுக்கு வேர் லத்தீன் ‘நோட்டா’; அதன் பொருள் குறி. ஒரு மாறியோ செயற்கூறோ (ஃபங்ஷன்) எந்தத் தரவு வகை என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுவது. பைத்தான் மொழியில் இது செயற்கூறுகளுக்கு 2015இல் வந்த 3.5 பதிப்பிலும், மாறிகளுக்கு 2016இல் வந்த 3.6 பதிப்பிலும் முறைப்பட்டது.

தட்டச்சைத் தள்ளியவர்கள் ‘வகைக்குறிப்பு’ என்கிறார்கள். காதுக்கு இனிக்கிறது, பொருளோ தலைகீழ். நம் இலக்கணத்தில் வெளிப்படைக்கு எதிர் குறிப்பு. காலத்தைக் காட்டும் ‘வந்தான்’ தெரிநிலை வினைமுற்று. காட்டாமல் உணர்த்தும் ‘கரியன்’ குறிப்பு வினைமுற்று. அப்படியானால் எழுதாமல் விட்டு, கருவியே ஊகித்துக்கொள்ளும் வகைதான் குறிப்பு. ‘வெளிப்படையான வகைக்குறிப்பு கட்டாயம்’ என்று விதி எழுதினால், நன்னூல் படித்தவர் சிரிப்பார். ‘வகை அறிவிப்பு’ம் ஒவ்வாது. அறிவித்தால் மாறி உருவாகிவிட்டது என்று தோன்றும்; பைத்தானில் மதிப்புத் தராமல் ‘வயது: இன்ட்’ (முழு எண்) என்று மட்டும் எழுதினால் மாறி உருவாகாது, அதை அச்சிடச் சொன்னால் அப்படியொரு பெயரே இல்லை என்னும் நேம்எரர்தான். ‘விளக்கவுரை’ என்பாரும் உண்டு. அது மனிதர் படிக்க எழுதும் கமென்ட்.

வகைக்குறி போதும். நிறுத்தற்குறி போல வரிக்குள்ளேயே நிற்பது. எழுதிய வகை தெரிநிலை, ஊகித்த வகை குறிப்பு என்று இருக்கட்டும்.

வகைக்குறி விடுபட்டால் சுட்டிக்காட்டும் லின்ட் கருவிக்கும் இதே பெயர்ச் சிக்கல். லின்ட் என்பது துணியில் ஒட்டும் பிசிறு. பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழி நிரல்களைச் சோதிக்க எழுதிய கருவிக்கு அந்தப் பெயர்; இன்று அவ்வகைக் கருவிகளுக்கே பொதுப்பெயர். ‘பிசிறு நீக்கி’ என்பவர்கள் அதை ஓட்டிப் பார்த்ததில்லை போலும். லின்ட் பிசிறைக் காட்டும்; சில விதிகளுக்குத் தானே திருத்தினாலும் பெரும்பாலும் நீக்குவது எழுதியவர் பாடு. லின்ட் என்றே சொல்வோம். தவறான தனித்தமிழுக்குக் கடன்சொல் மேல்.

வகைக்குறி கேட்கும் லின்ட் விதிகளை வீண் அலங்காரம் என்று அணைப்பவர்கள் கவனிக்க: ஒரு குறியும் இல்லாத செயற்கூற்றின் உட்பகுதியை, பைத்தானின் வகைகளைச் சோதிக்கும் மைபை கருவி இயல்பாகச் சோதிப்பதே இல்லை. எதையும் திருப்பித் தராத செயற்கூற்றுக்கு அம்புக்குறியிட்டு ‘நன்’ (None) என்று சேர்த்தாலே உள்ளே பார்க்கும். ரஃப் என்னும் பைத்தான் லின்ட் கருவியின் ஏஎன்என்201 விதி அந்தத் திருப்பு வகையைத்தான் (செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பின் வகை) கேட்கிறது. இந்த விதியைப் பழைய நிரல் முழுவதற்கும் ஒரேயடியாக இயக்கினால் எச்சரிக்கை குவியும். ஆளாளுக்கு ‘எனி’ (எந்த வகையும் ஆகலாம்) போட்டுத் தப்பிப்பார்கள், அதைப் பிடிக்க ஏஎன்என்401 விதி வேண்டும். புதிய கோப்புறைகளில் தொடங்கி, டெஸ்ட் கோப்புகளுக்கு விலக்குத் தருவது நல்லது. எல்லா இடத்திலும் குறி வேண்டியதில்லை: டைப்ஸ்கிரிப்ட் மொழியில் 5 என்று மதிப்புத் தந்த மாறிக்கு ‘நம்பர்’ என்றும் எழுதினால், அது மிகை என்று சொல்லவும் ஒரு லின்ட் விதி இருக்கிறது.