ஹோவர்ஃப்ளை: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

துளசிப் பூவுக்கு ஒரு சாண் மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டது போல அசையாமல் நின்று பறக்கும். கையை நீட்டினால் சட்டென விலகும். மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். மஞ்சளும் கறுப்புமான உடம்பைப் பார்த்துக் குளவி என்று பயப்படுவோம். கொடுக்கே இல்லாத வெறும் ஈ அது. ஆங்கிலத்தில் ஹோவர்ஃப்ளை.

‘ஹோவர்’ என்ற வினை இடைக்கால ஆங்கிலத்தின் ‘ஹோவன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தங்கி நிற்பது, காத்து நிற்பது என்று பொருள். அறிவியல் பெயருக்கு வேர் வேறு. சிறு பறக்கும் பூச்சியைக் குறித்த கிரேக்கச் சொல்லான ‘சிர்ஃபோஸ்’ஸை வைத்து, டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ் 1775இல் ‘சிர்ஃபஸ்’ என்ற பேரினத்தை அமைத்தார். அதிலிருந்து வந்ததுதான் சிர்ஃபிடே என்ற குடும்பப் பெயர். இன்று அதில் சுமார் 6,000 சிற்றினங்கள் உண்டு.

சரி, தமிழில்? ‘மிதவை ஈ’ என்று சட்டெனத் தோன்றும். ஆனால் மிதவை என்றால் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ‘பூ ஈ’ எளிய பெயர், அமெரிக்காவில் இதே பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. ஆனால் பூவுக்கு வராத ஈ எது? என் ஓட்டு ‘அந்தர ஈ’க்கு. பிடிமானம் இல்லாமல் நடுவில் நிற்பதை அந்தரத்தில் நிற்பதாகத்தானே சொல்கிறோம். அந்தரம் வடசொல் என்பார்கள், இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் ‘அந்தரப்படுதல்’ என்றால் பதறுவது. அங்கே இது பதறுகிற ஈயாகிவிடும் என்பதுதான் ஒரே சிக்கல்.

எந்தப் பெயரை வைத்தாலும் ஒரு குறை மிஞ்சும். பெயர் நடத்தையைச் சொல்கிறது, புகைப்படத்தில் நடத்தை தெரியாது. பாம்பிலியஸ் போன்ற வேறு ஈக்களும் அந்தரத்தில் நிற்கும். தேனீயையும் நாம் ‘ஈ’ என்றே சொல்கிறோம், அதற்கு நான்கு சிறகுகள். உண்மையான ஈக்கு இரண்டுதான், பின்சிறகின் இடத்தில் குமிழ் முனையுள்ள சிறு தண்டுகள் இருக்கும்.

ஆகவே நெருக்கமாக எடுத்த படத்தில் முதலில் சிறகைப் பாருங்கள். நடுப்பகுதியில், நீளவாக்கில் ஓடும் உண்மையான நரம்புகளுக்கு இடையே, எதிலும் சேராத மெல்லிய மடிப்பு ஒன்று தெரியும். லத்தீனில் ‘வீனா ஸ்பூரியா’, அதாவது பொய் நரம்பு. இலைக்கே நரம்பு என்கிறோம், சிறகுக்கும் பொருந்தும். இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது உண்டு, ஓரிரு விதிவிலக்குகள் தவிர.

அப்புறம் கண்கள். தலை உச்சியில் இரண்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண், இடைவெளி இருந்தால் பெண். ஹெலோஃபிலஸ் பேரினத்தில் ஆணுக்கும் இடைவெளி உண்டு, அதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணில் புள்ளி தெரிந்தால் எரிஸ்டாலினஸ் பேரினத்தை யோசிக்கலாம். கண்ணில் மயிர்ப்பட்டை மேலிருந்து கீழாக ஓடினால் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ். ஆண் தேனீயைப் போலவே இருக்கும் ஈ அது.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற சிற்றினத்தின் வயிற்றில், மூன்றாம், நான்காம் வளையங்களில் தடித்த பட்டையும் அதன் மேலே மெல்லிய பட்டையுமாக இரட்டைக் கறுப்புக் கோடு வரும். லத்தீனில் பால்டியஸ் என்றால் கச்சை. ஆனால் கூட்டுப்புழுப் பருவம் குளிரில் கழிந்தால் மஞ்சள் குறைந்து கறுப்பு கூடிவிடும். படத்தைப் பார்த்து வேறு சிற்றினம் என்று நினைக்க வைத்துவிடும்.

மேலிருந்து எடுத்த ஒரே படத்தோடு பெயர் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். ஐரோப்பாவில் பரவலான சிர்ஃபஸ் ரிபேசியையும் சிர்ஃபஸ் விட்ரிபென்னிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பிரிக்க உதவுவது பின்கால் தொடையின் நிறம். முன்னதில் மஞ்சள், பின்னதில் பெரும்பகுதி கறுப்பு. கால் தெரியாத படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அதனால் மேலிருந்து, முகத்துக்கு நேராக, பக்கவாட்டில் கால் தெரிய என்று மூன்று கோணமாவது வேண்டும்.

அப்படி எடுத்தாலும் சில பேரினங்கள் பிடிகொடுக்காது. ஸ்பேரோஃபோரியாவில் பெரும்பாலான சிற்றினங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்துக்குக் கீழே ‘ஸ்பேரோஃபோரியா’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரியான அடையாளம்.