வெயிலில் சுருண்டவருக்கு முதலில் தண்ணீர், அப்புறம் வண்டி

"வெயிலில் மயங்கி விழுந்தவருக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதிக்கிறதே, பாரசிட்டமால் கொடுத்தால் குறையாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குறையாது. கொடுக்கவும் கூடாது.

காய்ச்சலில், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற இலக்கை மூளையின் ஹைப்போதலாமஸ் தானே உயர்த்திவிடுகிறது. பாரசிட்டமால் அந்த இலக்கைத்தான் கீழே இறக்கும். வெயில் தாக்கி விழுவது, அதாவது ஹீட் ஸ்ட்ரோக், வேறு. அதில் இலக்கு மாறுவதில்லை. சேர்ந்த சூட்டை வெளியேற்ற முடியாமல் உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை, சூட்டில் அடிபட்ட ஈரலுக்கு அது கூடுதல் சுமை.

வெயிலில் இருந்தவர் குழறினால், தள்ளாடினால், கூட இருப்பவரையே அடையாளம் தெரியாமல் விழித்தால், வலிப்பு வந்தால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டட வேலை செய்பவர்கள் வேர்த்து வழியும்போதே இப்படி விழுவதுண்டு. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் ஆளை நிழலுக்குத் தூக்கி, செருப்பு, பெல்ட், சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் நனைத்து விசிறத் தொடங்கட்டும்.

இந்த விசிறலில்தான் விஷயமே இருக்கிறது. 25 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரை ஊற்றுகிறோம். அது 37 டிகிரி வரை சூடேறி வழிந்தாலும் எடுத்துப்போவது 12 கிலோ கலோரிதான். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் தோலின் மேல் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். ஒரு சின்ன டம்ளர், அதாவது 100 மில்லி, முழுதாக ஆவியாகி, அதற்கான சூட்டை உடம்பிலிருந்தே எடுத்தால் 58 கிலோ கலோரி போய்விடும். 60 கிலோ எடையுள்ளவரின் வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் மேலாகக் குறைய அது போதும்! மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

ஹஜ் பயணிகளுக்காக 1980 வாக்கில் கோகலி, வைனர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே ஒரு கருவியாக்கினார்கள். நோயாளியை வலைக் கட்டிலில் படுக்கவைத்து, எல்லாப் பக்கமும் தண்ணீரைப் பனித்தூவலாகத் தெளித்து, மேலே சூடான காற்றை வீசினார்கள். ஆம், சூடான காற்று! தோல் வெதுவெதுப்பாக இருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்காது. உள்ளே இருக்கும் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்கும், தண்ணீர் அதை ஆவியாக அள்ளிப்போகும். எனக்கு மிகவும் பிடித்த மருத்துவக் கருவிகளில் இது ஒன்று.

ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் இது பாதிதான் பலிக்கும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகச நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. அங்கே அளவுதான் முக்கியம்: குடம் குடமாக ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். முழுப் பலன் வேண்டுமென்றால் குளிர்ந்த நீர்த் தொட்டிதான். தலை மட்டும் வெளியே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டப்பந்தயங்களில் விழும் இளைஞர்களை இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

உச்சிவேளையில் வெளியே போனால் முனி அடிக்கும் என்று நம் பாட்டிகள் மிரட்டியது எத்தனையோ பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்தது. அதுவரை சரி. விழுந்தவர் பிதற்றும்போது விபூதி போட ஆள் தேடுவதும், வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை 39 டிகிரிக்குக் கீழே இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்த அரை மணியைத்தான் இப்படித் தொலைக்கிறோம். அரசும் நூறு நாள் வேலை நடக்கும் இடமெல்லாம் ஒரு டிரம் தண்ணீர், ஒரு ஐஸ் பெட்டி, கொஞ்சம் நிழல் என்று செலவழித்தால் அது வீண் செலவு ஆகாது.

நினைவு தெளியாதவர் வாயில் மோரோ இளநீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று நனைப்பதை நிறுத்த வேண்டாம். ஈரத்துணியும் விசிறியும் வண்டிக்குள்ளும் போகட்டும்.