ஹாட்ஜ்கின் லிம்போமா: கீமோவுக்கு முன்னால் காப்பீட்டுக் கார்டைச் சரிபாருங்கள்

புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகக்கூடியது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில மாதங்கள் கொடுப்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அந்த இரண்டு வாரக் கணக்கு தவறக் கூடாது. நான் பார்த்த குடும்பங்களில் அது தவறியது காகிதம் சரியில்லாமல்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு இடம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

முதல் சிக்கல் ரேஷன் கார்டு. திட்டத்தில் சேர நோயாளியின் பெயர் அதில் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்ணின் பெயரை அம்மா வீட்டுக் கார்டிலிருந்து எடுத்திருப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். நோய் வந்த நாளில் அவள் எந்தக் கார்டிலும் இல்லை. பயாப்சி (கட்டியை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதைச் சரி செய்யுங்கள். ஆதாரில் பெயரின் எழுத்து மாறியிருந்தாலும் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது வருமானச் சான்று. ‘வீடு கான்கிரீட், அண்ணன் துபாயில்’ என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் இழுப்பார்கள். அண்ணன் தனிக் கார்டு வாங்கிப் பிரிந்துவிட்டால் அவர் சம்பளம் உங்கள் குடும்ப வருமானம் ஆகாது. பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்று கிடைத்ததும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்றால், நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நோயாளியை வெயிலில் வரிசையில் நிறுத்த வேண்டி வந்தால், மருத்துவமனைச் சீட்டைக் காட்டி முன்னால் விடச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் ‘முதலில் கட்டுங்கள், அப்புறம் காப்பீட்டில் வாங்கித் தருகிறோம்’ என்றால் நம்பாதீர்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். கட்டிய பணம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. காப்பீட்டின் முன் அனுமதி வந்ததா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நோய் உடலில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், எடுப்பதற்கு முன்பே அது காப்பீட்டில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் கார்டு கையில் இருக்கட்டும்.

நம்மவர்கள் பலர் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டுமுன், போகிற மருத்துவமனையில் நம் கார்டு செல்லுமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ரயிலில் போனால், அங்கே டாக்டர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் வாங்குங்கள். படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

இன்னொன்று: கழுத்தில் நெறி கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால், காசநோய் மாத்திரை தொடங்குமுன் கட்டியை எடுத்துப் பயாப்சி செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஊசியில் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இந்த நோயைச் சில நேரம் தவறவிடும். அந்த பயாப்சி ரிப்போர்ட் இல்லாமல் காப்பீட்டு அனுமதியும் நகராது.

யாராவது பணம் கேட்டால் ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.